ஏகாம்பரம் கேட்ட பந்து

"சாமி, பந்து கேட்டவனுக்கு நான் கொடுக்கவில்லை. அவன் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பான்?"

கேட்டவர் ஜாகோ துரை. கோலார் தங்கவயலில் சுரங்க மேற்பார்வையாளர். அதற்கு முன் வட இங்கிலாந்தில் ஆறு ஆண்டுகள் ரக்பி லீக் ஆடியவர். தமிழைப் புத்தகத்தில் கற்றதால் இலக்கணமாகப் பேசுவார்.

கேட்கப்பட்டவர் வேலாயுத சாமி. தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிய சயனைடு மேட்டின் அடியில் குடிசை. சீடரான ஜாகோவைவிட இளையவர். ஆலின்கீழ் அமர்ந்த ஆதிகுருவும் அப்படித்தான் என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

"என்ன பந்து?"

"முட்டை வடிவப் பந்து. கையில் எடுத்துக்கொண்டு எதிராளியின் எல்லைவரை ஓட வேண்டும். மறிப்பார்கள். கூட்டாளிக்குக் கொடுக்கலாம். ஆனால் முன்னால் எறியக் கூடாது. பின்னால் வருபவனுக்குத்தான்."

"முன்னால போற ஆட்டத்துல பின்னால பார்க்கணுமா? வேதாந்தம் உங்க ஊர்லயும் இருக்குன்னு சொல்லுங்க."

ஜாகோ சிரிக்கவில்லை.

"கோப்பைக்கான ஆட்டம். எல்லை பக்கத்தில் இருந்தது. பின்னால் என் கூட்டாளி வில் கத்தினான், 'தா, ஜாகோ.' நானே போய்ச் சேர வேண்டும் என்று ஓடினேன். சாய்த்துவிட்டார்கள். தோற்றோம். ஆறு ஆண்டுகள் ஆடினேன். ஊருக்கு அந்த ஓட்டம் மட்டும்தான் நினைவிருக்கிறது."

"வில்?"

"அந்தக் கோடையில் போர் வந்தது. போனான். திரும்பவில்லை."

சாமி யோசித்தார்.

"பந்து கிடைக்காதவன் மனசு எனக்கெப்படித் தெரியும்? நம்ம ஆளுங்களுக்கு ஆட்டத்தைக் கத்துக்குடுங்க. கிடைக்காதவனையே கேட்டுடலாம்."

ஞாயிற்றுக்கிழமை, சுரங்கத் தொழிலாளிகள் சாக்கில் வைக்கோல் திணித்துப் பந்து செய்தார்கள்.

பிடித்து அமுக்குவதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் சடுகுடு ஆடியவர்கள். சடுகுடுவில் போகிறவன் தனியாகத்தான் போவான். அதனால், கூட வருபவனுக்குக் கொடுப்பதுதான் யாருக்கும் வரவில்லை.

முனிரத்தினம் பந்தோடு ஓடினான். பின்னால் ஏகாம்பரம், "தாடா, தாடா" என்று கத்திக்கொண்டே வந்தான். முனிரத்தினம் திரும்பவே இல்லை. நான்கைந்து பேர் மேலே விழுந்தார்கள்.

ஏகாம்பரம் ஓடிப்போய், விழுந்தவர்களை விலக்கி அவனைத் தூக்கினான்.

"கழுதை, காது கேக்கலியா? கையை நீட்டு, ஒடிஞ்சிருக்கா பாக்கலாம்."

ஜாகோ அந்த இருவரிடமும் விரைந்தார்.

"ஏகாம்பரம், இவன் உனக்குப் பந்து தரவில்லை. இவனைப் பற்றி என்ன நினைத்தாய்?"

"இன்னாத்த நெனைக்கிறது தொரை? இடுப்பு போச்சோன்னு நெனைச்சேன்."

முனிரத்தினம் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினான். இருவரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே தண்ணீர்ப் பானைப் பக்கம் போனார்கள்.

சாமி வந்து நின்றார்.

"கேட்டாச்சா?"

"கேட்டுவிட்டேன்."

"அப்புறம் ஏன் துரை முகம் இப்படி இருக்கு?"

"அன்று வில்லும் ஓடி வந்து, என்னைத் தூக்கக் கையை நீட்டினான், சாமி. நானே எழுந்து, வேறு பக்கம் நடந்துவிட்டேன்."