நல்ல பங்கு

சபை விருந்துக்குச் சமைக்கிற ஞானப்பூ, வேதாகம வினாடி வினாவுக்குப் பெயர் கொடுக்கப் போனாள். செயலர் சற்குணராஜ் மறித்தார்.

"இது படிச்சவங்களுக்கு. எங்க, ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு பார்ப்போம். மார்த்தாள், மரியாள் ரெண்டு பேர்ல நல்ல பங்கைத் தெரிஞ்செடுத்தது யாரு?"

"மரியாள்தான் ஐயா."

"எப்படி?"

"அக்கா மார்த்தாள் வேலையில அல்லாடுதா. இவ இயேசு பாதத்துல உக்காந்து வசனம் கேட்டா. இவளையும் வேலைக்கு அனுப்பச் சொல்லி மார்த்தாள் முறையிட்டும் ஆண்டவர் இவளை எழுப்பிவிடல."

"ரொம்பச் சரி!" என்றார் செயலர்.

"அப்போ நானும் இங்கயே உக்காந்துக்கிடுதேன். சாம்பார் கொதிக்கி, நீங்க போய்க் கிண்டுங்க ஐயா."

சபையே சிரித்தது. செயலரும் சிரித்தபடி வேட்டியை மடித்துக்கட்டி அடுப்படிக்குப் போனார்.

முதல் பரிசு ஞானப்பூவுக்கு. சாம்பார் அடிப்பிடித்திருந்தது. அவள் மட்டும் அதை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.