கொற்றன் கற்ற கதை

மாசிலாமணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆட்டம் முடிவதற்குள் எழுந்து, பஸ் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவர் பஸ் டிப்போவில் வேலை செய்தவர். அந்த நேரத்தில் அவர் ஊருக்குப் பஸ் இல்லை என்பது எனக்கே தெரியும்.

ஒசூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நாங்கள் ஆறு பேர் கூடுவோம். ஆளுக்கு ஒரு பாத்திரம், பாத்திரத்துக்கு ஒரு தொழில். பகடை உருட்டியபடி ஒரு பழங்காலக் கதைக்குள் போவோம். மாசிலாமணியின் பாத்திரம் கொற்றன் என்ற போர்வீரன். மருந்துக்கடையில் வேலை பார்த்த ஷமீமுக்கு ஒரு மருத்துவச்சி. கதையை நடத்துபவர் பிலோமினா டீச்சர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆட்டத்தை எனக்குக் கற்றுத்தந்தவர் அவர்தான்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாத்திரம் புதிதாக ஒன்றைக் கற்றால், எங்கே, யாரிடம் கற்றது என்று ஆடுபவர் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அதைக் கற்ற கதை என்போம்.

அந்த மாதம் டீச்சர் நாகர்கோவில் போயிருந்தார். ஆட்டத்தை நடத்தும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தார்.

அந்த ஞாயிறு ஆட்டம் தொடங்கும்போது, கொற்றன் மருத்துவமும் கற்றுக்கொள்ளலாமா என்று மாசிலாமணி கேட்டார். இரண்டு தொழிலா என்றேன். ஆமாம் என்று, மடித்த தாள் ஒன்று எட்டிப் பார்த்த சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

"வெட்டுறதும் நீங்க, கட்டுப் போடுறதும் நீங்களா? அப்ப ஷமீம் எதுக்கு வரணும், டீ வாங்கவா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். ஷமீம் ஏதோ சொல்ல வந்தாள். உனக்காகத்தான் பேசுகிறேன், சும்மா இரும்மா என்றேன். மாசிலாமணி பையிலிருந்து வெறுங்கையை எடுத்தார்.

அன்றைய கதையில், ஒரு குகைக்குள், மருத்துவச்சி காயப்பட்டு விழுந்தாள். கொற்றன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். என்ன செய்யப் போகிறான் என்று கேட்டேன்.

"அவனுக்கு என்ன தெரியும், பாவம்" என்றார் மாசிலாமணி.

மூன்று சுற்றில் அவள் இறந்தாள். அதற்குப் பிறகுதான் அவர் எழுந்து போனார். வியாழக்கிழமை டிப்போவிலேயே மாரடைப்பு.

டீச்சர் திரும்பி வந்த ஞாயிறு, எல்லோரும் உட்கார்ந்த பிறகு நான் கேட்டேன்.

"ஒரு பாத்திரத்துக்கு ரெண்டு தொழில் விடலாமா டீச்சர்? பொதுவாத்தான் கேக்கறேன்."

"யார் கேட்டாங்க?"

"மாசிலாமணி."

"கற்ற கதை என்ன சொன்னார்?"

"நான் கேக்கல."

"எழுதி வெச்சிருந்தாரா?"

தெரியாது என்றேன். அது பொய்.

ஷமீம் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். கொற்றன் மருத்துவச்சியிடம்தான் கற்றானாம். முகாமில், தினம் சாயங்காலம். மருந்துக்கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து இவளும் அவரும் சேர்ந்து எழுதிய கதை அது.

அவருக்கு ஏன் அப்படித் தோன்றியது என்று டீச்சர் கேட்டார்.

"எல்லாருக்கும் நீ பாக்கற. நீ விழுந்தா உன்னை யாரும்மா பாப்பான்னு கேட்டார்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாத்திரங்களுக்கு என்னென்ன தெரியும் என்று எழுதிவைக்கும் ஃபைலைத் திறந்து கொற்றனின் தாளை எடுத்தேன்.

"மருத்துவமும் தெரியும்னு எழுதிடறேன் டீச்சர்."

டீச்சர் தடுக்கவில்லை. மூடியைக் கழற்றித் தன் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"எழுதுங்க. எழுதி யார்கிட்ட குடுப்பீங்க?"

டீச்சரும் இறந்து பதினோரு வருடம் ஆகிறது. ஆட்டத்துக்காக அவர் கைப்பட எழுதிய விதி நோட்டு என்னிடம் இருக்கிறது. இரண்டு தொழிலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.