நாலு நட்சத்திரங்களுக்கு நடுவே

கடலோர ஊர் ஒன்றில் ரோசலின் என்றொரு ஓவியக்காரி இருந்தாள். அவளுடைய தம்பி கித்தேரியான் வேலை பார்த்த சின்னச் சரக்குக் கப்பல் புயலில் உடைந்தது. அதில் அவனோடு போனவர்கள் செய்யது மீரானும், ப்ரெண்டன் என்ற அயர்லாந்துக்காரரும். கடல் மூன்று உடல்களைத் திருப்பித் தந்தது. முகங்களைத் தரவில்லை. யார் யாரென்று தெரியாமல் மூவரையும் கரையிலேயே ஒரே குழியில் அடக்கினார்கள். தலைமாட்டில் சுவர் எழுப்பி, "நீயே ஏதாவது வரைம்மா" என்று ரோசலினிடம் விட்டார்கள்.

வெறும் சுவரைப் பார்த்து அவள் உட்கார்ந்திருந்தபோது மூன்று பேர் வந்தார்கள். மீரானின் தொழுகைப் பாயிலிருந்து எட்டுமுனை நட்சத்திரம். தம்பியின் ஜெபமாலையிலிருந்து சிலுவை. ப்ரெண்டன் விட்டுப்போன தோல்பையிலிருந்து, அவர் நாட்டுப் பழங்கற்களில் செதுக்கியிருக்கும், தலையும் வாலும் இல்லாத பின்னல்.

"நடுவில் நான்தான்" என்றது சிலுவை.

"எட்டுத் திக்கும் பார்க்கிறவன் நானிருக்க, நீயா?" என்றது நட்சத்திரம்.

பின்னல் குறுக்கே வந்தது. "நட்சத்திரமே, பாயிலிருக்கும் உன் கூட்டாளிகளையும் கூப்பிடு. நாலு பேரும் முனையோடு முனை தொட்டு நில்லுங்கள்."

நின்றன. நாலுக்கும் நடுவில் வெறுமையாக விழுந்த இடம் சிலுவையாக இருந்தது.

"உன் வீட்டு முற்றத்திலேயே இருந்திருக்கிறேன்" என்றது சிலுவை.

"எனக்கும் தெரியாமல் போயிற்றே" என்றது நட்சத்திரம். பின்னல் இரண்டின் ஓரங்களிலும் ஏறி இறங்கி ஓடியது.

ரோசலின் அப்படியே வரைந்தாள். மீரானின் மனைவி ஆமினா வந்து சுவரில் நெற்றியை வைத்து அழுதாள். "இங்க வந்தாத்தான்க்கா மூச்சு விட முடியுது" என்றாள்.

பிறகு மீரானின் பெரியப்பா வந்தார். "நல்லாத்தாம்மா இருக்கு. எங்க நட்சத்திரத்துக்கு நடுவுல சிலுவை எதுக்கு?"

"நான் வரையல மாமா. நாலும் சேந்தா தானா வருது."

"அப்ப சேராத மாதிரி வரை."

ரோசலினின் சித்தப்பாவும் வந்தார். "சிலுவைய மட்டும் வச்சுட்டு மத்ததை அழிச்சிரு."

"அழிச்சா சிலுவைக்கு ஓரமே இருக்காது சித்தப்பா."

"எதிர்த்துப் பேசாத."

பின்னலுக்காகப் பேச யாரும் வரவில்லை.

ஒருநாள் யாரோ நட்சத்திரங்களைக் கொத்தனார் கரண்டியால் சுரண்டினார்கள். பதிலுக்கு வேறு யாரோ சிலுவையைச் சுரண்டினார்கள்.

"என்னைப் பிடித்துக்கொள்!" என்று நட்சத்திரம் கத்தியது.

"எனக்கேது கை? உன் ஓரம்தானே என் கை" என்றது சிலுவை.

பின்னல் அறுந்து தொங்கியது.

கைகலப்பு வந்தது. மண்டைகள் உடைந்தன. அதிகாரிகள் வந்து சுவரை இடித்தார்கள். குழியின் குறுக்கே முள்கம்பி இழுத்து, "இந்தப் பாதி உங்களுக்கு, அந்தப் பாதி அவங்களுக்கு" என்று சமாதானம் செய்துவிட்டுப் போனார்கள்.

கம்பிக்கு அந்தப் பக்கம் ஆமினா. இந்தப் பக்கம் ரோசலின். தன் ஆள் எந்தப் பக்கம் கிடக்கிறான் என்று இருவருக்கும் தெரியவில்லை.