தரையில் படாத சக்கரம்

அந்தத் தீம் பார்க்கின் மேஜிக் அரங்க வாசலில் இரண்டு போர்டுகள் தொங்கின. ‘பளிங்குத் தரையில் தள்ளுவண்டிச் சக்கரம் படக் கூடாது’ என்றது ஒன்று. ‘அழும் குழந்தைக்கு அனுமதி இல்லை’ என்றது இன்னொன்று. இரண்டுமே சூப்பர்வைசர் தாமோதரனின் சொந்த மூளையில் உதித்தவை. கழுத்தில் விசிலோடு அவரே காவலும் நின்றார்.

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் லோடுமேனான எட்டியப்பன், கூட வேலை செய்கிறவர்களோடு டூர் வந்திருந்தான். காலையிலிருந்து கத்தித் தீர்த்த இரண்டு வயது மகன் அப்போதுதான் தள்ளுவண்டியில் தூங்கியிருந்தான். மகள் செண்பகமோ மேஜிக் பார்க்காமல் நகரமாட்டேன் என்று நின்றாள். அதுதான் கடைசிக் காட்சி.

“பையனை எழுப்பித் தூக்கிக்கோ,” என்றார் தாமோதரன்.

“எழுப்பினா அழுவான் சார். அழுதா உள்ள விடமாட்டீங்களே.”

“அது உன் பாடு. சக்கரம் தரையில படக் கூடாது, அவ்வளவுதான்.”

“படலைன்னா விடுவீங்களா சார்?”

“தாராளமா!” என்று சிரித்தார்.

எட்டியப்பன் கைகாட்டினான். மூன்று லோடுமேன்கள் வந்தார்கள். நால்வரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தார்கள். கண்ணாடி பீரோவை மூன்று மாடி இறக்கிப் பழகிய கைகள் அவை. வண்டி மேலே எழும்பியது. பையனின் தலைகூட அசையவில்லை.

பதறிப்போன தாமோதரன் விசிலை வாயில் வைத்தார்.

“ஷ்ஷ்! குழந்தை தூங்குது!” என்றது பின்னால் காத்து நின்ற மொத்த வரிசையும்.

விசில் சட்டைப்பைக்குள் போனது. ஓர் அடி வைத்தார், பூட்ஸ் கிறீச்சிட்டது. வரிசை மறுபடி முறைத்தது. பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் முன்னே நடந்து கூட்டத்தை விலக்கி வழி செய்தார்.

செண்பகம் அப்பாவின் சட்டையை இழுத்துக் கிசுகிசுத்தாள்.

“அப்பா, மேஜிக் ஆரம்பிச்சிடுச்சா?”