நீலக் கை

பரிமளாவின் கையில் படம் இருந்தது. வாயில் வார்த்தை இல்லை. ஓவிய ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பதை நெருங்கும் வயது. வகுப்பு எடுத்துப் பழக அவளை அனுப்பிய அரசுப் பள்ளியில், வழிகாட்டியாக வாய்த்த ஓவிய ஆசிரியை நஸ்ரின் அவளைவிடப் பத்து வயதாவது சின்னவள். இவள் அவளை "மேடம்" என்பாள், அவள் இவளை "அக்கா" என்பாள். யார் குரு, யார் சீடர் என்று வெளியாள் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

ஆறாம் வகுப்புக்குள் நுழைந்ததும் பரிமளா பிள்ளைகள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கமாட்டாள். ஓடிப்போய்ச் சாக்பீஸை எடுத்துக்கொள்வாள். கரும்பலகையில் ஒரு கிளி வந்து உட்காரும். பிள்ளைகள் "ஹே!" என்று கத்துவார்கள். அந்தச் சத்தத்தில்தான் அவளுக்குப் போன உயிர் திரும்பும். பிறகு பெஞ்சு பெஞ்சாகப் போய் ஒவ்வொரு தாளிலும் மூக்கைத் திருத்துவாள், வாலை நீட்டுவாள். மணி அடிக்கும்போது வகுப்பு முழுக்க ஒரே கிளி, ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்து "பிரமாதம்" என்றுகூடச் சொன்னார்.

அன்று எல்லாரும் கிளம்பிய பிறகு சுபிக்ஷாவின் கிளி மட்டும் பெஞ்சிலேயே கிடந்தது. பரிமளா வாசலுக்கு ஓடி அவளைக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, படத்தை விட்டுட்டுப் போறே? நல்லாத்தானே வந்திருக்கு?"

"அது நீங்க போட்டது மிஸ்."

குழந்தையின் குரலில் குறையே இல்லை. அதனால்தான் சுருக்கென்று தைத்தது.

பரிமளா திரும்பி வந்து, கடைசி பெஞ்சில் இருந்த நஸ்ரினின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மேடம், திங்கக்கிழமை காலேஜ்ல இருந்து என் வகுப்பைப் பார்க்க வர்றாங்க. தேறலைன்னா இன்னொரு வருஷம் போயிடும். வீட்ல ஏற்கெனவே 'இந்த வயசுல உனக்கு இது தேவையா'ன்னு ஒரே பேச்சு. இந்தப் பயம் எனக்கு எப்பதான் போகும்?"

"கிளி போடறப்ப பயமா இருக்கா?"

"இல்ல."

"சாக்பீஸைக் கீழ வெச்சதும்?"

"கை கால் உதறுது."

நஸ்ரின் தலையை ஆட்டினாள். "நாளைக்குப் பழைய புடவை கட்டிட்டு வாங்கக்கா."

மறுநாள் வகுப்பு வாசலில் ஒரு தட்டில் நீல போஸ்டர் கலரைக் கரைத்து வைத்திருந்தாள் நஸ்ரின். பரிமளாவின் இரண்டு கைகளையும் பிடித்து, மருதாணி வைப்பதுபோல நிதானமாக, மணிக்கட்டுவரை பூசினாள்.

"ஐயோ மேடம், இதோட எப்படி சாக்பீஸ் பிடிப்பேன்?"

"பிடிக்காதீங்க."

"தாளைத் தொட்டா ஈஷிக்குமே!"

"தொடாதீங்க."

"அப்ப எதை வெச்சுத்தான் பாடம் நடத்தறது?"

நஸ்ரின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நீலக் கைகளைப் பார்த்ததும் வகுப்பே சிரித்தது. பரிமளா அவற்றை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு ஆடு வரையலாம்."

எல்லாரும் பழக்கதோஷத்தில் கரும்பலகையைப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் இல்லை.

"போட்டுக் காட்டுங்க மிஸ்!"

"என்னால முடியாது. நீங்கதான் எனக்குக் காட்டணும்."

குரல் நடுங்கியது என்னவோ உண்மை.

சுபிக்ஷா ஒரு பெட்டி போட்டு அதற்கு நாலு குச்சிக் கால் வைத்தாள். அழித்தாள். மறுபடி போட்டாள், அழித்தாள். தாள் கிழியப் பார்த்தது, கண் கலங்கியது. அந்தப் பென்சிலை வாங்க பரிமளாவின் விரல்கள் துடியாய்த் துடித்தன.

"உங்க வீட்ல ஆடு இருக்கா?" என்று கேட்டாள், வேறு வழியில்லாமல்.

"இருக்கு மிஸ். ராசாத்தி."

"ராசாத்தி படுக்கறப்ப முதல்ல எந்தக் காலை மடக்கும்?"

சுபிக்ஷா யோசித்தாள். சட்டென்று இறங்கித் தரையில் முட்டி போட்டாள். "முன்னங்கால் மிஸ்! இப்படி!"

"எங்க ஆடு அப்படிப் படுக்காது" என்று சண்டைக்கு வந்தது அடுத்த பெஞ்சு. நிரூபிக்க அதுவும் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பாதி வகுப்பு தரையில் மேய்ந்தது. யாரோ "ம்மே" என்றார்கள். பரிமளா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"சரி, அப்ப கழுத்து எங்க இருக்கு? காது எந்தப் பக்கம் தொங்குது? பார்த்துட்டுப் போய் வரைங்க."

ஒவ்வொரு பெஞ்சாகப் போனாள். கேட்டாள், காத்திருந்தாள், மறுபடி கேட்டாள். நடுக்கம் எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

மணி அடித்தது. ஒரு ஆட்டுக்கு வயிறுதான் பாதித் தாள். ஒன்று பின்பக்கத்தை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது. ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. சுபிக்ஷாவின் ராசாத்திக்குக் கழுத்து கோணல், ஆனால் முன்னங்கால் மடங்கி, இதோ படுக்கப்போகிறது.

"இதைச் சுவத்துல ஒட்டலாமா?"

"தரமாட்டேன் மிஸ்! அம்மாகிட்ட காட்டணும்!" தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியே போனாள்.

பரிமளாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அவளே போட்ட எந்தப் படமும் அவளை இப்படிப் பூரிக்க வைத்ததில்லை.

நஸ்ரின் எழுந்து வந்தாள்.

"மேடம், திங்கக்கிழமையும் எனக்கு இதைப் பூசிவிடுங்க. இது இருந்ததாலதான் யார் தாளையும் தொடாம இருந்தேன்."

நஸ்ரின் அவள் உள்ளங்கையைத் திருப்பி, தன் விரலால் அழுத்தித் தேய்த்து, அந்த விரலைக் காட்டினாள். அதில் நீலம் ஒட்டவில்லை.

"ராசாத்தி படுக்கறதுக்கு முன்னாடியே இது காய்ஞ்சிடுச்சு, டீச்சர்."