மணிக்கூண்டில் முடிந்த பயணம்

பதினெட்டாம் நம்பர் பஸ்ஸைப் பாதியில் வெட்டியது தப்பு.

மார்க்கெட்டில் கிளம்பி, ஊருக்கு வெளியே தீப்பெட்டி ஆபீஸ் வரை போன பஸ் அது. இப்போது ரயில்வே கேட்டோடு திரும்பிவிடுகிறது. அதற்கு அப்பால் வெயிலும் கருவேலமும்தான். தீப்பெட்டி அடுக்கும் பெண்கள் அந்த வெயிலில் நடந்தார்கள். நேரம் தப்பினால் ஆலைக் கதவு திறக்காது. அன்றைக்கு வேலை இல்லை.

வெட்டச் சொன்னவன் இசக்கிமுத்து. போக்குவரத்துத் திட்டப் பிரிவில் இன்ஜினியர். பஸ்ஸில் கண்டக்டர் மெஷினில் அடிக்கிற ஒவ்வொரு டிக்கெட்டும் அவன் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். எங்கே ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்று படம் போடுவான். கூட்டம் இருந்தால் சிவப்பு. இல்லாவிட்டால் வெள்ளை. கேட்டுக்கு அப்பால் வெள்ளையாகக் கிடந்தது. வெட்டினான்.

அவனுக்கு ஒரு குரு உண்டு. அமலோற்பவம், பிரிவின் தலைவி. காவி, கமண்டலம் ஒன்றும் கிடையாது. கழுத்தில் அடையாள அட்டை. சீடனைவிட இரண்டு வயது இளையவர். அவர் வாயால் பாராட்டு வாங்கியவர் அந்த ஆபீஸில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமும் இல்லை. இசக்கிமுத்து அவருக்குப் படக்காரர். அவ்வளவுதான்.

பெண்கள் மேலதிகாரியிடம் மனுக் கொடுத்தார்கள். அவர் மனுவையும் பார்த்தார், படத்தையும் பார்த்தார்.

"கூட்டம் இருக்குன்னு இவங்க சொல்றாங்க. இல்லேன்னு உங்க படம் சொல்லுது. மிச்சமான வண்டியை வேற ஊர்க்காரங்க கேக்கறாங்க. திங்கட்கிழமைக்குள்ள கணக்கு காட்டுங்க. இல்லேன்னா வண்டி அங்க போயிரும்."

போனால் போனதுதான். ஒரு ஊர் வாங்கிய பஸ்ஸை எவன் திருப்பித் தருவான்?

மறுநாள் காலையில் இசக்கிமுத்து குருவின் மேசை முன்னால் போய் நின்றான்.

"மேடம், டேட்டா பொய் சொல்லுமா?"

அமலோற்பவம் மேசைக்கு அடியில் காலை விட்டுச் செருப்பைத் தேடி மாட்டினார்.

"வாங்க படக்காரரே. பஸ் ஏறுவோம்."

மார்க்கெட்டில் பதினெட்டு பிதுங்கிக்கொண்டு நின்றது. முக்கால்வாசி பெண்கள். ஆண்கள்தான் பைக் வாங்கிவிட்டார்களே.

"உள்ள போங்க, உள்ள போங்க! படியில என்ன மாநாடா நடக்குது?" என்று கண்டக்டர் கத்தினார்.

இசக்கிமுத்து காசை நீட்டி, "ரயில்வே கேட்" என்றான். கண்டக்டர் மெஷினில் ஸ்டாப் பெயரைத் தேடி அமுக்கி டிக்கெட் கொடுத்தார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அமலோற்பவம் வாயைத் திறக்கும் முன்னாலேயே அவர் கையில் ஒரு டிக்கெட் இருந்தது.

"நான் எங்க போறேன்னு கேக்கலையே, தம்பி?"

"எங்க போனாலும் பூஜ்யம்தானக்கா. தள்ளி நில்லுங்க, ஆள் ஏறுது."

அமலோற்பவம் தன் டிக்கெட்டைச் சீடனிடம் நீட்டினார்.

"படிங்க."

அவன் டிக்கெட்டில் மார்க்கெட் – ரயில்வே கேட் என்று இருந்தது. அவர் டிக்கெட்டில் மார்க்கெட் – மணிக்கூண்டு. மணிக்கூண்டு அடுத்த ஸ்டாப். மெஷினில் முதலில் நிற்கும் பெயர். பக்கத்தில் நின்ற பெண்ணின் கையை எட்டிப் பார்த்தான். மணிக்கூண்டு. அதற்கடுத்த கை. மணிக்கூண்டு.

மணிக்கூண்டு வந்தது. அமலோற்பவம் இறங்கிவிட்டார்.

"மேடம்! கேட் இன்னும் வரலை!"

"என் பயணம் முடிஞ்சு போச்சு. உங்க படத்தைக் கேட்டுப் பாருங்க."

திரும்பிப் பார்க்காமல் கேட் பக்கம் நடந்தார். அவனும் குதித்து இறங்கிப் பின்னால் ஓடினான்.

கேட்டைத் தாண்டும்போது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அந்தக் கண்டக்டருக்கு மெமோ குடுக்கணும், மேடம்."

"குடுங்க. நாளைக்கு ஒவ்வொருத்தியாக் கேட்டுக் கேட்டு அமுக்குவார். வண்டி மார்க்கெட்டை விட்டுக் கிளம்பாது."

"அப்போ இத்தனை நாள் சேர்த்த டிக்கெட் எல்லாம் குப்பையா?"

அமலோற்பவம் நடையை எட்டிப் போட்டார்.

அடுத்த பஸ்ஸில் வந்து கேட்டில் இறங்கிய பெண்கள் தூக்குச்சட்டியோடு வேகமாக வந்து இவர்களைப் பிடித்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் மாடத்தி. மனுக் கொடுக்கப் போனவர்களில் ஒருத்தி. இரண்டு பேர் கழுத்து அட்டையையும் பார்த்தாள்.

"என்ன சார், உங்க ஜீப்பையும் பாதியில வெட்டிட்டாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். இசக்கிமுத்துவும் சிரித்து வைத்தான்.

"வெட்டினவரே இவர்தான்" என்றார் அமலோற்பவம்.

சிரிப்பு நின்றது. மாடத்தி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்போ நல்லா நடக்கட்டும். எங்களுக்குப் போகையிலயும் நடை, வரையிலயும் நடை. காலு என்ன இரும்பா?"

அவர்கள் போய்விட்டார்கள். இசக்கிமுத்து மட்டும் நடுரோட்டில் நின்றுவிட்டான். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

"வரையிலயும்..." என்றான்.

"என்ன?"

"மேடம், இறங்குற இடம்தான் பொய். ஏறுற இடம் பொய் இல்லை. வண்டி எந்த ஸ்டாப்பில நிக்குதோ அதுதான் டிக்கெட்டில விழும். காலையில தீப்பெட்டி ஆபீஸ்ல இறங்கினவங்க சாயங்காலம் அங்கதானே ஏறியிருக்கணும்? நான் காலையை மட்டும் பார்த்துட்டு வெட்டிட்டேன்!"

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? போய்ப் படம் போடுங்க."

அதோடு அவர் திரும்பி நடந்தார். வந்ததைவிடக் கொஞ்சம் வேகமாக.

திங்கட்கிழமை. மேலதிகாரியின் சுவரில் இரண்டு படங்கள். ஒன்று காலை. கேட்டுக்கு அப்பால் வெள்ளை. இன்னொன்று, பஸ்ஸை வெட்டுவதற்கு முந்தைய சாயங்காலங்கள். தீப்பெட்டி ஆபீஸ் ஸ்டாப் செம்பருத்தி மாதிரி சிவந்து கிடந்தது. அங்கிருந்து மார்க்கெட் வரை தடம் முழுக்க ஏறினவர்கள் எத்தனை பேர், அவர்கள் காலையில் எந்த ஸ்டாப்பில் இறங்கியிருக்க வேண்டும், எல்லாம் இருந்தது. மற்ற தடங்களுக்கும் அதே முறையில் போட்டு வைத்திருந்தான்.

மேலதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நாளையிலேருந்து பதினெட்டு கடைசி வரைக்கும் போகட்டும்" என்றார். பிறகு அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினார்.

"இந்தத் தடத்தை வெட்டினது யாரு?"

இசக்கிமுத்து தரையைப் பார்த்தான். பிரிவு என்பார், கண்டக்டர் என்பார், மெஷின் என்பார் என்று எதிர்பார்த்தான்.

"இசக்கிமுத்து" என்றார் குரு.

அறையில் இருந்த அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"சரி. இப்போ இதைக் கண்டுபிடிச்சுத் திருப்பி ஒட்டினது?"

அமலோற்பவம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"இசக்கிமுத்து."