தட்டிக்குப் பின்னால்

சியோல் நகரத்தில் முஹியோன் என்று ஒரு நடிகர். முப்பது வருடம் கதாநாயகனாகவே இருந்தார். அவ்வளவு காலம் யாராலும் இருக்க முடியாது. அவர் இருந்து காட்டினார்.

ஐம்பத்தெட்டாவது வயதில் முதல்முறையாக அவருக்கு அப்பா வேடம் வந்தது. வாரக் கடைசியில் ஒளிபரப்பாகும் தொலைக்காட்சித் தொடர். முதல் வாரமே பக்கவாதம் வந்து விழுந்துவிடும் அப்பா. அதற்குப் பிறகு கட்டில்தான். வசனம் கிடையாது. நடமாட்டம் கிடையாது. கதையெல்லாம் மகனுக்கு.

மகனாக நடித்தவன் தேயுல் என்ற இளைஞன். முதல் நாள் வந்து இடுப்பு வளைய வணங்கினான்.

"வணக்கம், சொன்செங்நிம்."

ஆசிரியர் என்று பொருள். ஆனால் கொரியப் படப்பிடிப்புத் தளத்தில் அந்தச் சொல்லை வயதான நடிகர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். அதுவரை எல்லோரும் முஹியோனை 'சொன்பே', அதாவது சீனியர் என்றுதான் கூப்பிட்டு வந்தார்கள். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் முக்கியமான காட்சி. பல வருடம் முகம் கொடுக்காமல் இருந்த மகன், கட்டிலில் கிடக்கும் அப்பாவிடம் மனம் விட்டுப் பேச வேண்டும். பேசிக்கொண்டே உடைந்து அழ வேண்டும். காமிரா மகனின் முகத்தை மட்டும் நெருக்கத்தில் எடுக்கும்.

"நான் ஃபிரேம்ல வர்றேனா?" என்று கேட்டார் முஹியோன்.

"இல்லை, சொன்செங்நிம்," என்றார் இயக்குநர்.

"அப்ப என் இடத்துல ஒரு தலையணையைப் போட்டுக்குங்க."

சொல்லிவிட்டுத் தன் வேனுக்குப் போய்விட்டார். கதாநாயகனாக இருந்த காலத்திலும் அப்படித்தான் செய்வார். அப்போது யாரும் வாய் திறந்ததில்லை. இப்போதும் திறக்கவில்லை.

தேயுல் தலையணையிடம் பேசினான். திரும்பத் திரும்பப் பேசினான். வசனம் வந்தது, அழுகை வரவில்லை. சாயங்காலம் வரை பார்த்துவிட்டு இயக்குநர் பேக்கப் சொன்னார்.

அங்கே தொடர் ஓட ஓடத்தான் கதை எழுதுவார்கள். நாளைக்கு எடுக்க வேண்டிய காட்சி இன்றைக்குத்தான் கைக்கு வரும். யார் வாழ வேண்டும், யார் சாக வேண்டும் என்பது எழுத்தாளரின் அந்த வார மனநிலையைப் பொறுத்தது. மகனுக்கும் அப்பாவுக்கும் ஒட்டவே இல்லை, அப்பாவைச் சீக்கிரம் முடித்துவிடலாமா என்று எழுத்தாளர் யோசிக்கிறாராம். மேக்கப் அறை வழியாகச் செய்தி முஹியோன் காதுக்கு வந்தது. மேக்கப் அறைக்கு வராத செய்தி உலகத்தில் இல்லை.

படுத்துக் கிடக்கும் அப்பா வேடத்தில்கூடத் தேறவில்லை என்று பெயர் வாங்கினால் அடுத்த வேடம் வராது. முஹியோனுக்கு அது நன்றாகத் தெரியும். பயந்துபோனார். பயம் என்று ஒத்துக்கொள்ள மனம் வராமல் கோபப்பட்டார். அந்தக் கோபத்தோடு ஓக்சிம்மைப் பார்க்கப் போனார்.

ஓக்சிம் அவருடைய குரு. அந்த அம்மாள் அவரைவிட ஒன்பது வயதுதான் மூத்தவர். தெற்கே தேகுவிலிருந்து ஊர்ப்பேச்சோடு வந்திறங்கிய முஹியோனுக்குத் தலைநகரத்துப் பேச்சைப் பழக்கியவர். எப்படி நிற்பது, எப்படிக் காத்திருப்பது என்று சொல்லிக்கொடுத்தவர்.

முப்பது வயதிலிருந்தே ஓக்சிம்முக்கு அம்மா வேடம்தான். திரையில் அவர் பெற்ற பிள்ளைகளில் சிலர் அவரைவிட மூத்தவர்கள். காசநோயில் செத்திருக்கிறார். ஆற்றில் விழுந்து செத்திருக்கிறார். போரில் குண்டு பட்டுச் செத்திருக்கிறார். ஒன்றுமே இல்லாமல், மகன் வந்துவிட்டான் என்ற சந்தோஷத்தில்கூடச் செத்திருக்கிறார். போஸ்டரில் மட்டும் ஒருமுறையும் வந்ததில்லை.

ஒரு தொடரில் முஹியோனுக்கும் அம்மாவாக நடித்துச் செத்தார். அன்றிலிருந்து முஹியோன் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

அது ஜனவரி மாதம். நகரத்துக்கு வெளியே அரண்மனை செட்டில் ஒரு சரித்திரத் தொடரின் படப்பிடிப்பு. ஓக்சிம்முக்கு ராஜாவின் அம்மா, ராஜமாதா வேடம். வாயைத் திறந்தால் புகை வந்தது. முஹியோன் காரை நிறுத்திவிட்டு உள்ளே போய் உதவி இயக்குநர் பெண்ணிடம் கேட்டார்.

"ஓக்சிம் அம்மா எங்கே?"

"தட்டிக்குப் பின்னாடி இருக்காங்க."

அந்த நாட்டில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இறந்தவரின் உடலை ஒரு பெரிய மடிப்புத் தட்டிக்குப் பின்னால் கிடத்துவார்கள். துக்கத்துக்கு வருகிறவர்கள் தட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுவார்கள். உடல் யார் கண்ணிலும் படாது.

"ராஜமாதா செத்துட்டாங்களா?"

"சாகிற சீனைப் போன வாரமே எடுத்தாச்சு. அவங்க வேலை அதோட முடிஞ்சுது. இன்னிக்கு ராஜா அழுற சீன் மட்டும்தான்."

"அப்ப இவங்களை எதுக்கு வரச் சொன்னீங்க?"

"நாங்க சொல்லலை, சொன்செங்நிம். அவங்களா வந்தாங்க. தட்டி மறைச்சிடும், வேண்டாம்னு சொன்னோம். கேட்டாத்தானே!"

முஹியோன் தட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். வெறும் பலகைத் தரையில் ஒரு பாய். அதில் ஓக்சிம் மல்லாந்து படுத்திருந்தார். சவத்துணி முழுக்க உடுத்தியிருந்தார். இரண்டு கைகளிலும் துணி உறை. இறந்தவரின் கையை அங்கே வெறுங்கையாக விடுவதில்லை.

"அம்மா."

ஓக்சிம் கண்ணைத் திறக்கவில்லை. "உக்காரு. சத்தம் போடாம பேசு."

"என்னைக் கொல்லப் போறாங்கம்மா."

"எத்தனையாவது எபிசோட்ல?"

"விளையாடாதீங்க. இன்னும் முடிவு பண்ணலை. அதுக்கு முன்னாடி நானே விலகிடலாம்னு பார்க்கிறேன். மரியாதையோட போயிடலாம் இல்லையா?"

முஹியோன் பாயருகே குனிந்தார்.

"கதாநாயகனா இருந்தவன் நான். இன்னிக்கு என் முகத்தைப் பார்க்கக் காமிராவுக்கு நேரமில்லை. காமிரா பார்க்காத இடத்துல நடிகன் எதுக்குக் கிடக்கணும்? தலையணை போதாதா? நீங்களே சொல்லுங்க."

ஓக்சிம் கண்ணைத் திறந்தார். கையை ஊன்றி மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"இடுப்பு விட்டுப்போச்சு. நான் போய் சூடா ஏதாவது குடிக்கிறேன். அடுத்த ஷாட்டுக்கு நீ படு."

"நானா?"

"யாரும் உன்னைப் பார்க்க மாட்டாங்க. பயப்படாதே."

முஹியோனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குருவிடம் மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. கோட்டைக் கழற்றிவிட்டுப் படுத்தார். ஓக்சிம் தன் கை உறைகளைக் கழற்றி அவருக்கு மாட்டினார். வலது உறைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொட்டலம் விழுந்தது. குளிர்காலத்தில் அங்கே எல்லோரும் சட்டைப்பையில் வைத்திருக்கும் சூட்டுப் பொட்டலம். குலுக்கினால் சூடாகும்.

"இதை வெச்சுக்கோ."

முஹியோன் அதை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொள்ளப் போனார்.

"அங்கே இல்லை. கையில."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஓக்சிம் பருத்த குளிர்கோட்டைப் போர்த்திக்கொண்டு போய்விட்டார்.

முஹியோன் மேலே பார்த்தார். அரண்மனைக்குக் கூரை இல்லை. விளக்குகளும் கயிறுகளும் தொங்கின. தரையின் குளிர் முதுகுக்குள் ஏறியது. முப்பது வருடத்தில் இவ்வளவு பேர் நடுவில் இருந்துகொண்டு ஒருவர் கண்ணிலும் படாமல் அவர் இருந்ததே இல்லை.

"ஆக்‌ஷன்!"

தட்டிக்கு அந்தப் பக்கம் ராஜாவாக நடிக்கும் இளைஞன் அழ ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்திலேயே முஹியோனுக்குத் தெரிந்துவிட்டது. தொண்டையால் அழுகிறான். கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் சரக்கை அவரும் நிறைய விற்றிருக்கிறார்.

"கட். இன்னொரு தடவை போகலாம்."

மறுபடியும் ஆக்‌ஷன். இம்முறை இளைஞன் தவழ்ந்து தட்டியின் ஓரத்துக்கே வந்துவிட்டான். அவனுடைய உடை தரையில் உரசும் சத்தம் பக்கத்தில் கேட்டது. அழுகை மட்டும் பழைய அழுகைதான்.

அப்போது தட்டியின் ஓரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கை வந்தது. காமிராவுக்குத் தெரியாத பக்கம். உள்ளங்கை மேலே பார்க்கத் தரையில் விரிந்து கிடந்தது. அந்தக் கை எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தது.

முஹியோன் அதையே பார்த்தார். பார்க்கப் பார்க்க அது அவருடைய கையாகத் தெரிந்தது.

முப்பது வருடத்துக்கு முன்னால் அந்தத் தொடரில், செத்துக்கிடந்த ஓக்சிம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அழ வேண்டியிருந்தது. அழுகை வரவில்லை. யூனிட்டே சலித்துப்போயிருந்தது. காமிரா அவர் முகத்தில் இருந்தது. அதற்குக் கீழே, யாருக்கும் தெரியாத இடத்தில், செத்துப்போன அம்மாவின் கை அவர் விரல்களைத் தேடிவந்து இறுக்கிப் பிடித்தது. அவ்வளவுதான். உடைந்துபோனார்.

அந்த அழுகைதான் அவரைக் கதாநாயகனாக்கியது. அதற்குத்தான் முதல் விருது. இன்றும் வருடக் கடைசி நிகழ்ச்சிகளில் அந்த முகத்தைப் போட்டுக் காட்டுவார்கள். எப்படி அப்படி அழுதீர்கள் என்று பேட்டிகளில் கேட்பார்கள். ஊரில் இருந்த என் தாயை நினைத்துக்கொண்டேன் என்பார். பல தடவை சொன்னதில் அவரே அதை நம்பிவிட்டார்.

முஹியோன் துணி உறை போட்ட கையை நீட்டி அந்த இளைஞனின் கையைப் பிடித்தார்.

அந்தப் பக்கம் அழுகை சட்டென்று நின்றது. பிறகு "அம்மா" என்று ஒரு குரல் வந்தது. அதற்குப் பின்னால் வந்தது வேறு அழுகை. செட்டில் ஒருவரும் அசையவில்லை.

முஹியோனும் அழுதார். மல்லாந்து படுத்துக்கொண்டு அழுதால் கண்ணீர் காதுக்குள்தான் போகும். துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஒரு கையை அவன் பிடித்திருந்தான். இன்னொரு கை பிணத்தின் கை, அசையக் கூடாது.

"கட்! ஓகே!"

கை உருவிக்கொண்டு போனது. கட் ஆனதும் தட்டிக்குப் பின்னாலிருந்து வந்து நின்ற ஓக்சிம்மிடம் இளைஞன் ஓடினான். குனிந்து வணங்கினான்.

"ரொம்ப நன்றி, சொன்செங்நிம். இன்னிக்கும் உங்க கை சூடா இருந்துச்சு."

"மூக்கைத் துடை," என்றார் ஓக்சிம். "ராஜா மாதிரியா இருக்கே?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். முஹியோன் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"நான்தான் பிடிச்சேன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா."

"கூப்பிடட்டுமா?"

ஓக்சிம் உண்மையாகவே கூப்பிடத் திரும்பினார். முஹியோன் அவசரமாகக் கையைக் காட்டினார்.

"வேண்டாம்."

இருவரும் ஹீட்டர் பக்கம் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் முஹியோன் நின்றார்.

"விருது மேடையில நான் உங்க பேரைச் சொல்லலை."

"டிவியில பார்த்தேன்."

"ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலை?"

"நான்தான் செத்துப்போயிட்டேனே."

முஹியோனுக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கமாக இருந்தது. இந்த வயதில் வெட்கம் வந்தால் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் போன் அடித்தது. தொடரின் இயக்குநர். குரலில் பணிவு வழிந்தது. அதிலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

"சொன்செங்நிம், எழுத்தாளர் முடிவு பண்ணிட்டாங்க. நாளைக்கு அப்பா இறந்துடறார். தேயுல் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்து அழுற சீன் மட்டும்தான் பாக்கி."

எதற்குப் பயந்து ஓடிவந்தாரோ அது நடந்துவிட்டது.

"தலை வரைக்கும் வெள்ளைத் துணி மூடியிருக்கும், சொன்செங்நிம். உள்ளே தலையணையை வெச்சு எடுத்துக்கறோம். நீங்க சிரமப்பட்டு வர வேண்டாம்."

"தலையணை வேண்டாம்," என்றார் முஹியோன். "எத்தனை மணிக்கு வரணும்?"

"உங்க முகம் தெரியாது, சொன்செங்நிம்."

"எத்தனை மணிக்கு?"

"காலையில ஆறு மணிக்கு."

போனை வைத்துவிட்டு ஓக்சிம்மைப் பார்த்தார்.

"நாளைக்குச் செத்துடுவேன்மா."

"ம்."

கை உறைகளைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். உள்ளே இருந்த பொட்டலத்தையும் எடுத்து நீட்டினார். ஓக்சிம் அதைத் தொட்டுப் பார்த்தார். சூடு ஆறியிருந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, தன் கோட்டுப் பையிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தார். பிரித்தார். நன்றாகக் குலுக்கினார். முஹியோனின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

"பிணத்தோட கை சில்லுன்னு இருக்கக் கூடாது," என்றார்.